'அப்பொலூட்ரோசிஸ்': மீட்பு என்றால் விலை கொடுத்து வாங்குவது மட்டும்தானா?

குருத்தோலை (வியாழன், இரவு 9:10)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சபையில் சனிக்கிழமை மாலை வாலிபர் வேதபாடத்தை நான்தான் எடுக்கிறேன். இப்போது எபேசியர் முதல் அதிகாரம் போய்க்கொண்டிருக்கிறது. போன வாரம் 7ஆம் வசனம்: "இவருடைய இரத்தத்தினாலே பாவமன்னிப்பாகிய மீட்பு இவருக்குள் நமக்கு உண்டாயிருக்கிறது." மீட்புக்குக் கிரேக்கத்தில் 'அப்பொலூட்ரோசிஸ்' என்று இருக்கிறது, அடிமைச் சந்தைக்குப் போய் விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்வது என்று அதற்கு அர்த்தம் என்று சொன்னேன். சின்ன வயதிலிருந்து நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன்.

வகுப்பில் ஒரு தங்கச்சி நகைக்கடன் கவுன்டரில் வேலை பார்க்கிறாள். அவள் கையைத் தூக்கினாள். "அக்கா, எங்களிடம் தினமும் நகை மீட்க வருவார்கள். முதலில் சீட்டைக் கேட்போம். அசலும் வட்டியும் கட்டி முடித்தால், கவரை அவர்கள் கண் முன்னாலேயே பிரித்து, எடை போட்டுக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்போம். பணம் எங்கள் கைக்கு வரும், நகை அவர்கள் கைக்குப் போகும். இயேசு விலை கொடுத்து மீட்டார் என்றால், கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த விலையை வாங்கிக்கொண்டது யார்? பிசாசா? பிதாவா?"

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று ஜெபம் பண்ணி முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் முகம் மனதை விட்டுப் போகவில்லை. அவள் சும்மா கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அந்தச் சொல்லுக்கு உண்மையிலேயே என்ன அர்த்தம்? கிரேக்கம் படித்தவர்கள் உதவுங்கள்.

திண்ணை வாசகர் (வியாழன், இரவு 10:35)

சகோதரி, அந்தப் பெண்ணின் கேள்வி நல்ல கேள்வி, பழைய கேள்வியும்கூட. நான்காம் நூற்றாண்டிலேயே பெரிய தலைகள் இதே இடத்தில் முட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். செமினரியில் எங்களுக்குக் கிரேக்கம் எடுத்தவர் கரும்பலகையில் இப்படித்தான் அடியிலிருந்து மேலே கட்டிக்கொண்டு போவார்.

அடியில் இருப்பது 'லூயோ' என்ற வினை. அவிழ் என்று பொருள். கழுதைக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு வாருங்கள் என்று இயேசு சொல்லும் இடத்திலும் (மாற்கு 11:2), கல்லறையிலிருந்து வந்த லாசருவைக் கட்டவிழ்த்துவிடுங்கள் என்று சொல்லும் இடத்திலும் (யோவான் 11:44) இந்த வினைதான். அதோடு '-ட்ரோன்' என்ற விகுதி சேர்ந்தால் 'லூட்ரோன்'. இந்த விகுதி பெரும்பாலும் கருவியைக் காட்டும். சில சொற்களில் கூலியைக் காட்டும். கற்பிப்பதற்கான கட்டணம் 'டிடாக்ட்ரோன்', துப்புக் கொடுத்தவனுக்குத் தரும் பணம் 'மேனூட்ரோன்'. அந்த வரிசையில் 'லூட்ரோன்' என்பது அவிழ்த்துவிடுவதற்கான பணம். போரில் பிடிபட்டவனைத் திரும்பப் பெற வீட்டார் கொண்டுபோகிற பொருள்.

ஹோமரின் இலியட்டில் கடைசிக் காண்டமான 24ஆம் காண்டத்துக்குப் பழைய தலைப்பே 'ஹெக்டரின் லூட்ரா' என்பதுதான். கிழவன் பிரியாம் ஒரு வண்டி நிறையப் பொன்னும் துணியும் ஏற்றிக்கொண்டு இரவில் எதிரியின் பாசறைக்குப் போய், தன் மகனைக் கொன்ற கையையே முத்தமிட்டு, மகனின் உடலைக் கேட்டு வாங்கி வருகிறான். லூட்ரோன் என்றதும் கிரேக்கனின் மனதில் முதலில் வருவது இப்படிப்பட்ட காட்சி.

மாற்கு 10:45இல் இயேசு தம்மைப் பற்றிச் சொல்வது இந்தச் சொல்லைத்தான். நம் பழைய தமிழ் வேதாகமம் அங்கே "மீட்கும்பொருளாக" என்று போட்டிருக்கிறது. எவ்வளவு துல்லியம் பாருங்கள். '-ட்ரோன்' விகுதியைக்கூட விடவில்லை, 'பொருள்' என்று கொண்டுவந்துவிட்டார்கள்.

லூட்ரோனிலிருந்து ஒரு வினை, அதற்கு முன்னால் 'அப்பொ' (விட்டு, விலகி), பின்னால் செயலைக் குறிக்கும் '-சிஸ்'. இப்படி வந்ததுதான் அப்பொலூட்ரோசிஸ். புதிய ஏற்பாட்டில் பத்தே இடம்: லூக்கா 21:28, ரோமர் 3:24, 8:23, 1 கொரிந்தியர் 1:30, எபேசியர் 1:7, 1:14, 4:30, கொலோசெயர் 1:14, எபிரெயர் 9:15, 11:35. பத்தில் ஏழு பவுல் பெயரில் வரும் நிருபங்களில்.

சொல்லின் பிறப்பில் விலை இருக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் பிறப்பும் புழக்கமும் ஒன்றல்ல. எள்ளின் நெய்தான் எண்ணெய். அதற்காகத் தேங்காய் எண்ணெயில் எள் இருக்கிறதா என்று யாரும் தேடுவதில்லை. பத்து இடத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து, விலை எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று பார்க்க வேண்டும். நாளைக்கு எழுதுகிறேன், கண் எரிகிறது.

வெண்கலத்தூண் (வெள்ளி, காலை 6:20)

ஐயா, உங்கள் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் எண்ணெய் உதாரணத்தைப் படித்ததும் எனக்கு மனம் பதறிவிட்டது. அந்த வழியில் போனால் விலை கரைந்துபோகும். விலை கரைந்தால் சிலுவை கரைந்துபோகும்.

லூட்ரோன் குடும்பம் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் எப்படிப் புழங்குகிறது என்று பாருங்கள். எண்ணாகமம் 3ஆம் அதிகாரம். இஸ்ரவேலில் முதற்பேறானவர்கள் 22,273 பேர். அவர்களுக்குப் பதிலாக எடுக்கப்பட்ட லேவியர் 22,000. மிச்சம் 273 பேர். தலைக்கு 5 சேக்கலாக 1,365 சேக்கல் ஆரோன் கையில் கொடுக்கப்படுகிறது. அந்தப் பணத்துக்குப் பெயர் 'லூட்ரா'. இதைவிடத் தெளிவாக ஒரு கணக்கு வேண்டுமா?

அப்பொலூட்ரோசிஸ் என்ற சொல்லையே எடுத்தாலும் வெளியுலகில் அதன் வாடை பணம்தான். எகிப்தில் அடிமைகளாக இருந்த யூதர்களை இரண்டாம் டாலமி விடுவித்த கதை அரிஸ்தேயஸின் கடிதம் என்ற பழைய நூலில் வருகிறது. எஜமான்களுக்குத் தலைக்கு 20 திராக்மா கொடுத்து அரசன் விடுவிக்கிறான், அதற்கு இதே சொல். கடற்கொள்ளையர் ஊர்களைப் பிடித்துவைத்துப் பணம் வாங்கிக்கொண்டு விட்டதைப் புளூட்டார்க் எழுதும்போதும் இதே சொல். பி. பி. வார்ஃபீல்ட் என்ற இறையியலாளர் 1917இல் இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் சல்லடை போட்டுச் சலித்து, விலை என்ற கருத்து இவற்றைவிட்டுப் போகவே இல்லை என்று காட்டினார். 1955இல் லியோன் மாரிஸும் அதே முடிவுக்கு வந்தார்.

சகோதரி கேட்ட வசனத்திலேயே "இரத்தத்தினாலே" என்று விலை எழுதியிருக்கிறது. யார் வாங்கிக்கொண்டார் என்று தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லலாம். விலையே இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்.

ரசீது (வெள்ளி, காலை 8:05)

எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனால் அப்பா காலத்திலிருந்து அடகுக்கடைத் தெருவில் வளர்ந்தவன். ஒன்று மட்டும் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் நகை வாங்குவது வேறு, நகை மீட்பது வேறு. வாங்குகிறவர் அந்த நகையை அதற்கு முன்னால் பார்த்திருக்கவே மாட்டார். மீட்க வருகிறவர் கவரைப் பிரித்ததும் செயினை எடுத்துக் கொக்கியைத் தடவிப் பார்ப்பார். தேய்மானம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். சில அம்மாக்கள் அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டு, முந்தானையால் மூடிக்கொண்டு போவார்கள். அது அவர்களுடைய நகை. எங்களிடம் இருந்தபோதும் அவர்களுடையதுதான்.

மீட்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பணம் இல்லை. அது யாருடையது என்பதுதான்.

திண்ணை வாசகர் (வெள்ளி, மாலை 5:50)

ரசீது தம்பி, நான் பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது. கிரேக்கத்திலும் இந்த இரண்டுக்கும் இரண்டு சொல். சந்தையில் வாங்குவதற்கு 'அகோராட்சோ'. 'அகோரா' என்றால் சந்தை. "கிரயத்துக்குக் கொள்ளப்பட்டீர்கள்" (1 கொரிந்தியர் 6:20, 7:23) என்ற இடங்களில் பவுல் போடுவது அதைத்தான். அங்கே சந்தை உண்டு, விலை உண்டு, சந்தேகமே இல்லை. எபேசியர் 1:7இல் அந்தச் சொல் இல்லை. சகோதரி வகுப்பில் சொன்னது ஒரு சொல்லின் படத்தை இன்னொரு சொல்லின் மேல் ஒட்டியது. அது உங்கள் தவறு இல்லை சகோதரி, பிரசங்க மேடைகளில் பல தலைமுறையாக ஒட்டித்தான் வருகிறது.

அந்தப் படம் பிரபலமானதற்கு அடால்ஃப் டைஸ்மன் என்ற ஜெர்மானியர் ஒரு முக்கியக் காரணம். டெல்ஃபியில் அப்பொல்லோ கோயில் மேடைக்குக் கீழே ஒரு தாங்குசுவர் இருக்கிறது. பல கோணங்களில் வெட்டிய கற்களை ஒன்றோடொன்று பொருத்திக் கட்டியது. அந்தக் கற்களின் முகம் முழுக்கப் பொடி எழுத்து. ஏறக்குறைய எல்லாமே அடிமைகளை விடுவித்த பத்திரங்கள், நூற்றுக்கணக்கில். டைஸ்மன் 1908இல் வெளியிட்ட நூலில் அவற்றில் ஒன்றை எடுத்துக்காட்டினார். கி.மு. 200-199ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அம்பிஸாவைச் சேர்ந்த சோசிபியோஸ் என்பவனிடமிருந்து, ரோமைச் சேர்ந்த நிகாயா என்ற அடிமைப்பெண்ணை, மூன்றரை மினா வெள்ளிக்கு, விடுதலைக்கென்று, பித்திய அப்பொல்லோ வாங்கினார் என்று கல்லில் இருக்கிறது. படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். கலாத்தியரில் பவுல் எழுதும் வாசனை அடிக்கும்.

ஆனால் நடந்தது என்ன தெரியுமா? அப்பொல்லோ தன் உண்டியலிலிருந்து ஒரு காசும் போடவில்லை. அடிமை தானே சேர்த்த பணத்தைக் கோயிலில் கொண்டுபோய்க் கொடுப்பாள், சாமி பெயரில் கிரயம் நடக்கும், எஜமான் பணத்தை வாங்கிக்கொள்வான். அதிலும் பல பத்திரங்களில், எஜமான் சாகும்வரை கூடவே இருந்து வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை வேறு. தன் உயிரையே கொடுத்தவரைப் பற்றிச் சொல்ல இதுவா உவமை?

இனி வெண்கலத்தூண் பிரதருக்கு. உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது. விலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. எபேசியர் 1:7இல் விலை இருக்கிறது, நீங்கள் சொன்ன "இரத்தத்தினாலே" என்ற சொல்லில் இருக்கிறது. எபிரெயர் 9:15இல் மரணம் பக்கத்திலேயே நிற்கிறது. அங்கெல்லாம் விலையைக் காட்டுவது பக்கத்தில் நிற்கும் சொல். அப்பொலூட்ரோசிஸ் தனியாக நிற்கும் இடங்களைப் பாருங்கள். "உங்கள் மீட்பு சமீபமாயிருப்பதால், நீங்கள் நிமிர்ந்துபார்த்து, உங்கள் தலைகளை உயர்த்துங்கள்" (லூக்கா 21:28). எருசலேமைச் சேனைகள் சூழ்வதைப் பற்றிப் பேசிவிட்டு இயேசு சொல்வது. இங்கே யார் யாருக்கு என்ன கொடுக்கிறார்கள்? ஒன்றும் இல்லை. ரோமருக்கு எதிரான கிளர்ச்சியின் நான்காம் ஆண்டில், அதாவது 69-70இல், யூதர்கள் அடித்த வெண்கல நாணயங்களில் 'சீயோனின் மீட்புக்காக' என்று எபிரெயத்தில் பொறித்தார்கள். அந்தத் தலைமுறைக்கு மீட்பு என்றால் கழுத்திலிருந்து நுகம் விழுவது. ரோமர் 8:23இல் "சரீர மீட்பு", அதுவும் இனி வரப்போவது, விலைப்பேச்சே இல்லை.

இன்னும் ஒன்று. தானியேல் 4ஆம் அதிகாரத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில், நேபுகாத்நேச்சார் ஏழு காலம் புல் மேய்ந்து புத்தி திரும்பியதைச் சொல்லும்போது "என் அப்பொலூட்ரோசிஸின் காலம் வந்தது" என்கிறான். புத்தி பேதலித்தவனுக்குப் புத்தி திரும்பிவருகிறது. அதற்கு யாரிடம் பணம் கட்டினான்?

கடைசியாக நம் வீட்டுச் சாட்சி. எபிரெயர் 11:35. சித்திரவதைக்குள்ளானவர்கள் அப்பொலூட்ரோசிஸை ஏற்கவில்லை என்று கிரேக்கத்தில் இருக்கிறது. மக்கபேயர் காலத்தில் பன்றி மாம்சம் தின்ன மறுத்து உயிரை விட்ட கிழவர் எலெயாசரும், ஒரு தாயும் அவளுடைய ஏழு மகன்களும் மனதில் வரும் இடம். நம் பழைய தமிழ் வேதாகமம் அங்கே "விடுதலைபெறச் சம்மதியாமல்" என்று போட்டிருக்கிறது. மீட்பு என்று போடவில்லை! ஒரே சொல்தான், இடம் பார்த்து மாற்றியிருக்கிறார்கள். அந்த மொழிபெயர்ப்பாளர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

வெண்கலத்தூண் (வெள்ளி, மாலை 6:40)

எபிரெயர் 11:35இலும் விலை உண்டு ஐயா. பன்றி மாம்சத்தைத் தின்றால் விடுகிறோம் என்றார்கள். விசுவாசத்தை விலையாகக் கேட்டார்கள், அவர்கள் கொடுக்க மறுத்தார்கள். வார்ஃபீல்ட் பக்கத்தார் சொல்லும் பதில் இது, எனக்கு இது பலமாகவே படுகிறது. லூக்கா 21:28 மட்டும் கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். தானியேலை நான் கவனித்ததே இல்லை. யோசிக்க நேரம் கொடுங்கள்.

கடலோரம் (வெள்ளி, இரவு 8:15)

நான் கத்தோலிக்கன், மறைக்கல்வி ஆசிரியர். உங்கள் உரையாடலைப் படிக்கும்போது ஒன்று தோன்றியது. நீங்கள் இரட்சகர், இரட்சிப்பு என்று சொல்லும் இடத்தில் எல்லாம் நாங்கள் மீட்பர், மீட்பு என்றுதான் சொல்வோம். கிறிஸ்துமஸ் இரவில் வானதூதர் சொல்வது உங்கள் வேதாகமத்தில் "இரட்சகர்", எங்கள் திருவிவிலியத்தில் "மீட்பர்". கிரேக்கத்தில் அது 'சோத்தேர்', வேறு சொல். நீங்கள் பேசும் அப்பொலூட்ரோசிஸுக்கும் எங்களுக்கு மீட்புதான். அதனால் இரண்டு கிரேக்கச் சொல்லும் எங்கள் காதில் ஒன்றாகவே விழுகின்றன. இதை இழப்பு என்று நினைப்பதா, நல்லது என்று நினைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மாற்கு 10:45இல் எங்களுக்கு "பலருடைய மீட்புக்கு ஈடாக" என்று இருக்கிறது. அந்த 'ஈடு' எனக்குப் பிடிக்கும்.

எங்கள் கரையில் மீட்பு என்றால் நகை ஞாபகம் வராது. சில வருடத்துக்கு முன் என் அண்ணன் படகு எஞ்சின் நின்றுபோய் மூன்று இரவு கடலில் மிதந்தது. நான்காம் நாள் விடியலில் வேறு ஊர்ப் படகுக்காரர்கள் பார்த்து, கயிறு கட்டி இழுத்துவந்தார்கள். அவர்களுடைய ஒருநாள் பாடு முழுக்கப் போனது, டீசலும் போனது. அண்ணி கொண்டுபோய்க் கொடுத்த பணத்தை அவர்கள் தொடவே இல்லை. ஊரில் எல்லோரும் "மீட்டுக்கொண்டு வந்துட்டாங்க" என்றுதான் சொன்னோம்.

குருத்தோலை (வெள்ளி, இரவு 9:30)

கடலோரம் அண்ணா, படிக்கும்போது கண் கலங்கிவிட்டது.

இன்னொரு சந்தேகம். கொலோசெயர் 1:14ஐப் பார்த்தேன். என்னிடம் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் "அவருடைய இரத்தத்தினாலே, பாவமன்னிப்பாகிய மீட்பு" என்று இருக்கிறது. வீட்டில் இருக்கும் புதிய மொழிபெயர்ப்பில் இரத்தம் இல்லை. வேண்டுமென்றே எடுத்துவிட்டார்களா?

வெண்கலத்தூண் (வெள்ளி, இரவு 9:55)

சிஸ்டர், இதற்கு நானே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதே இடத்தில் நானும் ஒருகாலத்தில் கோபப்பட்டிருக்கிறேன். யாரும் எடுக்கவில்லை. சினாய், வத்திக்கான் பிரதிகள் போன்ற நான்காம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதிகளில் கொலோசெயர் 1:14இல் "இரத்தத்தினாலே" இல்லை. எபேசியர் 1:7 ஏறக்குறைய அதே வாக்கியம் என்பதால், பிற்காலத்தில் பிரதி எடுத்தவர்களுக்கு அது மனப்பாடமாக இருந்து இங்கேயும் வந்துவிட்டது. எபேசியர் 1:7இல் இரத்தம் எல்லாப் பழைய பிரதிகளிலும் உறுதியாக நிற்கிறது. ஆதாரம் இல்லாத இடத்தில் விலையைத் தேட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை, இருக்கிற இடத்தில் விடாமல் பிடித்தால் போதும்.

திண்ணை வாசகர் (வெள்ளி, இரவு 10:10)

ஆமென், பிரதர்.

நடுகல் (சனி, காலை 7:00)

நான் கிறிஸ்தவன் இல்லை. கல்வெட்டு படிப்பதில் ஆர்வம், அதனால் இந்த இழையை முழுக்கப் படித்தேன். டெல்ஃபிச் சுவர் பற்றி எழுதியதற்கு நன்றி. உங்கள் கேள்விக்குத் தமிழ்ச் சொல் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லலாமா?

'மீள்' என்றால் திரும்பிவா. 'மீட்' என்றால் திரும்பிவரச் செய். தமிழில் அவ்வளவுதான் அடிப்படை. விலை கொடுத்தா, சண்டை போட்டா, கயிறு கட்டி இழுத்தா என்பதைச் சொல் சொல்லாது, சந்தர்ப்பம்தான் சொல்லும். பழைய இலக்கியத்தில் மீட்டல் என்றால் முதலில் வருவது ஆநிரை. பகைவர் கவர்ந்துபோன மாடுகளை ஊர் வீரர்கள் துரத்திப்போய்த் திருப்பிக்கொண்டு வருவது கரந்தை. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளம். வட்டெழுத்தில் திரும்பத் திரும்ப வரும் வாசகம் 'தொறு மீட்டுப் பட்டான்'. தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். அப்படி ஒரு கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து, சுண்ணாம்புப் பொடி தடவி எழுத்துக் கூட்டிப் படித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. வில்லோடு நிற்கும் மனிதன், காலடியில் ஒரு சின்ன மாடு.

அந்த மாடுகள் ஊருக்குத் திரும்பிவந்தன. அதற்கு ஓர் உயிர் போனது. அந்த உயிரை அவன் யாரிடம் கொடுத்தான்? திருடினவனிடமா? அவனுக்கு அது விலை இல்லை. ஊருக்கா? ஊர் கேட்கவில்லை. ஆனாலும் அது விலை இல்லை என்று அந்த ஊரில் யாராவது சொல்லியிருப்பார்களா? சொல்லியிருந்தால் கல் நட்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் இறையியலில் இது பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. தமிழில் 'மீட்பு' என்று எழுதியவர்கள் எடுத்த சொல்லுக்குள் இதுவும் இருக்கிறது என்று மட்டும் சொல்லத் தோன்றியது.

திண்ணை வாசகர் (சனி, காலை 9:15)

நண்பரே, ஐம்பது வருடமாக 'மீட்பு' என்ற சொல்லைப் பிரசங்கித்திருக்கிறேன். இதை ஒருநாளும் நினைத்ததில்லை. மிக்க நன்றி.

யாத்திராகமம் 6:6இல் "ஓங்கிய கையினாலும், மகா தண்டனைகளினாலும் உங்களை மீட்டு" என்று இருக்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கே லூட்ரோன் குடும்பத்து வினை. பார்வோனுக்குக் கர்த்தர் ஒரு காசும் கட்டவில்லை. ஏசாயா 52:3 அதை வாய்விட்டே சொல்கிறது: "விலையின்றி விற்கப்பட்டீர்கள், பணமின்றி மீட்கப்படுவீர்கள்." எம்மாவுக்குப் போன சீஷர்கள் "அவரே இஸ்ரவேலை மீட்டு இரட்சிப்பவர் என்று நாங்கள் நம்பியிருந்தோம்" என்று முகவாடலோடு சொன்னதும் இந்த அர்த்தத்தில்தான்.

இனி கவுன்டருக்கு அந்தப் பக்கம் யார் என்ற கேள்வி. ஓரிகன், நிசாவின் கிரிகோரி போன்ற ஆதிச் சபைப் பிதாக்கள் பிசாசு என்றார்கள். கிரிகோரி தூண்டில் உவமைகூடச் சொன்னார்: மாம்சம் இரை, தெய்வத்தன்மை முள், பிசாசு விழுங்கி மாட்டிக்கொண்டான் என்று. அவருடைய நண்பரான நாசியான்சின் கிரிகோரிக்கு அது பொறுக்கவில்லை. ஓர் ஈஸ்டர் பிரசங்கத்தில் நேராகவே கேட்டார்: இந்த விலை யாருக்குக் கொடுக்கப்பட்டது? கொள்ளைக்காரனுக்குக் கடவுளையே விலையாகக் கொடுப்பதா, அது அவமானம். பிதாவுக்கு என்றால், நம்மைப் பிடித்துவைத்திருந்தது அவர் இல்லையே. பிதா அதைக் கேட்கவும் இல்லை, அவருக்கு அது தேவையும் இல்லை, ஆனாலும் மீட்பின் திட்டத்துக்காக ஏற்றுக்கொண்டார் என்று முடித்தார். உங்கள் வகுப்புப் பெண் நாசியான்சின் கிரிகோரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், சகோதரி. அவளிடம் சொல்லுங்கள்.

வெண்கலத்தூண் (சனி, மதியம் 1:30)

காலையிலிருந்து நடுகல் அண்ணன் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குள் இருந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தது. விலையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் விலையை வாங்கினவனையும் காப்பாற்ற வேண்டும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். 1 பேதுரு 1:18, 19 "வெள்ளியினாலும் பொன்னினாலும் மீட்கப்படாமல்" இரத்தத்தினாலே என்கிறது. யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று பேதுரு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என் மனதுதான் ஒரு கையைச் சேர்த்துக்கொண்டது.

ஆனால் ஒரு இடத்தில் நான் நிற்கிறேன். கரந்தை வீரன் சாகவேண்டும் என்று போகவில்லை, மாட்டுக்காகப் போனான், சாவு நேர்ந்தது. மாற்கு 10:45 "ஜீவனைக் கொடுக்கவும் வந்தார்" என்கிறது. கொடுக்கவே வந்தார். அதோடு "அநேகரை" என்ற இடத்தில் கிரேக்கத்தில் 'ஆன்டி' என்ற சொல் இருக்கிறது, 'பதிலாக' என்று பொருள். கடலோரம் அண்ணன் சொன்ன 'ஈடு' அதுதான். இதை நான் விடமாட்டேன்.

திண்ணை வாசகர் (சனி, மதியம் 2:05)

விடாதீர்கள் பிரதர். அது லூட்ரோன், அங்கே '-ட்ரோன்' உயிரோடு இருக்கிறது. நானும் விடமாட்டேன்.

குருத்தோலை (சனி, இரவு 9:45)

வேதபாடம் முடிந்து இப்போதுதான் வந்தேன். முதலில் வகுப்பில் எல்லோரிடமும், போன வாரம் நான் சொன்ன அடிமைச் சந்தை விளக்கம் வேறு வசனத்துக்கு உரியது என்று சொன்னேன். அப்புறம் பத்து வசனத்தையும் ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்து, விலை தெரிகிறதா, எதிலிருந்து விடுதலை, இப்போதா இனிமேலா என்று மூன்று கேள்வி மட்டும் கேட்கச் சொன்னேன். ஒருமணி நேரம் போனதே தெரியவில்லை. ரசீது அண்ணா சொன்ன கொக்கியைத் தடவிப் பார்ப்பதைச் சொன்னபோது அந்தத் தங்கச்சி, "ஆமா அக்கா, எல்லோரும் அப்படித்தான் பண்ணுவாங்க" என்றாள். நாசியான்சின் கிரிகோரி பெயரை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் எபேசியர் 1:14 அவளுக்கு விழுந்தது. "அவருக்குச் சொந்தமானவர்கள் அவருடைய மகிமைக்குப் புகழ்ச்சியாக மீட்கப்படுவார்கள் என்பதற்கு ஆவியானவர் நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரமாயிருக்கிறார்." சொந்தமானவர்கள் மீட்கப்படுவார்கள்! அதைப் படித்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ ஆவியானவர் நம்ம கையில இருக்கிற அடகுச் சீட்டு மாதிரியா அக்கா?" என்று கேட்டாள். இதற்கும் அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

திண்ணை வாசகர் (சனி, இரவு 10:20)

அங்கே கிரேக்கச் சொல் 'அர்ராபோன்'. செமித்திய வணிகர்களிடமிருந்து கிரேக்கத்துக்கு வந்தது. ஆதியாகமம் 38இல் யூதா தன் முத்திரை மோதிரத்தையும் கோலையும் தாமாரிடம் விட்டுப்போகிறானே, தமிழில் "அடைமானம்" என்று வரும், கிரேக்க மொழிபெயர்ப்பில் அங்கே இதே சொல். பவுல் காலத்தில் முன்பணம் என்ற பொருளில் நன்றாகப் புழங்கியது. சீட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ரசீது தம்பி என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ரசீது (சனி, இரவு 11:00)

ஐயா, சீட்டு வெறும் தாள். அதை வைத்துக்கொண்டு ஒரு டீகூடக் குடிக்க முடியாது. அச்சாரம் அப்படி இல்லை. மாடு வாங்கினாலும் நிலம் வாங்கினாலும், அச்சாரமாகக் கைக்கு வருவது வரப்போகிற பணத்திலேயே ஒரு பகுதி. அதே நோட்டு, அன்றைக்கே செலவழிக்கலாம். மீதியும் அந்த மாதிரிதான் இருக்கும் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

அந்தத் தங்கச்சியிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள் அக்கா. கவுன்டரில் இருக்கிற பெண், உடனே புரிந்துவிடும்.